பழைய சர்வரை விடப் புது என்விஎம்இ சர்வரில் இரவு இம்போர்ட் இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. எங்கே தப்பு?

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 9:42

வணக்கம். ஒரு வாரமா மண்டை காயுது, அதான் இங்க வந்தேன்.

40 கிளைக் கடை வச்சிருக்கிற ஒரு மொத்த வியாபாரிக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் நான்தான் பார்த்துக்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 16. இதுவரை ஓடினது ஒரு பழைய ரேக் சர்வர்: நிமிஷத்துக்கு 10,000 தடவை சுத்துற (ஆர்பிஎம்) எஸ்ஏஎஸ் டிஸ்க் ஆறு, ரெய்டு 10 (பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டற முறை), ராம் 32 ஜிபி. ஸ்பேர் கிடைக்காம போச்சு. போன வாரம் புதுசுக்கு மாறினோம். ராம் அதே 32 ஜிபி, 2 டிபி என்விஎம்இ (சுத்தாத, ஃபிளாஷ் சிப் டிஸ்க்) ரெண்டு, லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு 1 (ரெண்டுலயும் ஒரே டேட்டா). டிஸ்க் பெட்டியில செகண்டுக்கு 7,000 எம்பி வேகம், 10 லட்சம் ஐஓபிஎஸ் (செகண்டுக்கு எத்தனை தடவை படிக்கும், எழுதும்ங்கிற எண்)னு அச்சடிச்சிருக்கு.

கம்பெனிவாரி விற்பனை ரிப்போர்ட் ஒண்ணு இருக்கு. பழசுல 40 நிமிஷம் ஆகும், கடை மூடினப்புறம்தான் போடுவோம். இப்ப 38 செகண்ட். சந்தோஷம்.

ஆனா ராத்திரி இம்போர்ட் (40 கடையோட அன்னைக்கு பில் வரிகள், சுமார் 3 லட்சம்) பழசுல 6 நிமிஷத்துல முடியும். புதுசுல 12 நிமிஷம். ஒரு நாள் இல்லை, தினமும். முதலாளி கேட்கிறார், "பணத்தைக் கொட்டி வாங்கினது மெதுவாப் போறதுக்கா?" என்கிட்ட பதில் இல்லை.

---

மெமரி முருகேசன் | திங்கள், இரவு 9:58

32 ஜிபியா? இந்தக் காலத்துல போனுக்கே 16 வருது. 128 போடுங்க. டேட்டா முழுக்க மெமரில உட்கார்ந்துட்டா டிஸ்க் எதுவா இருந்தா என்ன.

---

சும்மா_பார்ப்பவன் | திங்கள், இரவு 10:05

சுத்துற டிஸ்க் என்விஎம்இயை ஜெயிக்குதா? நம்புற மாதிரி இல்லையே. வேற ஏதோ மாறியிருக்கும். புது சர்வர்ல ஆன்டிவைரஸ், பேக்கப் மாதிரி எதாவது அந்த நேரத்துல ஓடுதான்னு பாருங்க.

---

இரவுக்காவல் | திங்கள், இரவு 11:20

ராமும் ஆன்டிவைரஸும் இருக்கட்டும். முதலில் இந்த நாலுக்குப் பதில் சொல்லுங்கள்.

இம்போர்ட் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக கமிட் செய்கிறதா?

பழைய சர்வரில் ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் தனிக் கார்டு) உண்டா? அதில் பேட்டரி உண்டா, உயிரோடு இருக்கிறதா?

புது என்விஎம்இ கடையில் விற்கும் சாதாரண வகையா, சர்வருக்கென்று வரும் வகையா?

போஸ்ட்கிரெஸோடு பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்று ஒரு சின்னக் கருவி வரும். அதை இரண்டு சர்வரிலும் ஓட்டி, எஃப்டேட்டாசிங்க் வரியில் (டிஸ்க்கில் நிரந்தரமாக எழுதி உறுதி பெறும் வேகம்) என்ன வருகிறது என்று போடுங்கள். டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில் ஓட்டுங்கள். டெம்ப் ஃபோல்டரில் ஓட்டினால் பல லினக்ஸில் அது ராமிலேயே இருக்கும், கண்டபடி நல்ல எண் காட்டிவிடும்.

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 7:15

ஆமாம், வரிக்கு ஒரு கமிட். ஒரு வரி தப்பா இருந்தா அது மட்டும் தள்ளிப்போகணும், மத்தது ஏறணும்னு அப்படி எழுதினது. ரெய்டு கார்டு உண்டு, பேட்டரி போன வருஷம்தான் மாத்தினோம். புது டிஸ்க் ஆன்லைன்ல வாங்கினது, கேமிங் பிசிக்குன்னு விளம்பரம் போடுவாங்களே, அந்த ரகம்.

ரிசல்ட் பார்த்துட்டு கண்ணைக் கசக்கிட்டேன்.

பழசு: செகண்டுக்கு 9,800. ஒவ்வொண்ணும் 102 மைக்ரோ செகண்ட்.
புதுசு: செகண்டுக்கு 612. ஒவ்வொண்ணும் 1,634 மைக்ரோ செகண்ட்.

பதினாறு மடங்கு மெதுவு! டிஸ்க் கெட்டுப்போச்சா?

---

இரவுக்காவல் | செவ்வாய், காலை 8:40

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அது பொய் சொல்லாமல் வேலை செய்கிறது என்பதற்கே இந்த எண் சாட்சி.

கமிட் என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் மாற்றத்தை வால் என்ற பதிவேட்டில் எழுதி, "இது நிரந்தரமாகப் பதிந்துவிட்டது என்று சொல், அதுவரை நான் நகரமாட்டேன்" என்று டிஸ்க்கிடம் கேட்டு நிற்கிறது. இப்படிக் கேட்பதற்குத்தான் எஃப்சிங்க் என்று பெயர். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை வாசலிலேயே காத்திருப்பது போல. தபால் வண்டி எவ்வளவு பெரியது என்பதற்கும் அட்டை எப்போது வரும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் 7,000 எம்பி, வண்டியின் கொள்ளளவு.

பழைய சர்வரில் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டது டிஸ்க் அல்ல, ரெய்டு கார்டு. கார்டில் சொந்த மெமரி இருக்கிறது. கரண்ட் போனாலும் பேட்டரி அதைக் காப்பாற்றும். அதனால் டேட்டா தன் மெமரிக்கு வந்த உடனேயே "பதிந்தாயிற்று" என்று சொல்லிவிட அதற்கு உரிமை உண்டு. சுற்றும் டிஸ்க்குக்குப் பின்னால் ஆற அமர எழுதிக்கொள்ளும்.

உங்கள் புது டிஸ்க்கிலும் மெமரி இருக்கலாம், ஆனால் கரண்ட் போனால் காப்பாற்ற ஒன்றுமில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் செல்லில் உண்மையாகவே எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். ஃபிளாஷில் படிப்பதைவிட எழுத பல மடங்கு நேரம் பிடிக்கும். நீங்கள் ரெய்டு 1 வேறு போட்டிருக்கிறீர்கள், இரண்டு டிஸ்க்கும் சொல்லி முடிக்க வேண்டும், மெதுவானதுதான் கணக்கு.

சர்வர் ரக எஸ்எஸ்டியில் சின்னச் சின்னக் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கரண்ட் போன பிறகும் மெமரியில் இருப்பதை ஃபிளாஷுக்கு இறக்கிவிட அந்தச் சொற்ப மின்சாரம் போதும். அதனால் அதுவும் ரெய்டு கார்டு போல உடனே கையெழுத்துப் போடும். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி அதற்குத்தான்.

கணக்கும் சரியாக வருகிறது. 3 லட்சம் கமிட், ஒவ்வொன்றுக்கும் 1,634 மைக்ரோ செகண்ட்: 490 செகண்ட், 8 நிமிஷத்துக்குச் சற்று மேல். பழசில் அதே வேலைக்கு 31 செகண்ட். அப்படியென்றால் புது சர்வரின் 12 நிமிஷத்தில் உண்மையான வேலை 4 நிமிஷம்கூட இல்லை, மீதி முழுக்க அட்டைக்காகக் காத்திருந்தது.

ஆயிரம் வரிக்கு ஒரு கமிட் போடுங்கள். தப்பான வரி மட்டும் தள்ளிப்போக சேவ்பாயிண்ட் (தப்பானால் அதுவரை மட்டும் திரும்பிப் போகும் இடைக்குறி) இருக்கிறது.

---

ஃபாக்ஸ்புரோ தாத்தா | செவ்வாய், காலை 10:02

நல்லா சொன்னீங்க. தம்பிங்க யாரும் இப்ப ரெய்டு கார்டைப் பார்த்ததே இல்லை, அதான் நம்ப மாட்டேங்கறாங்க.

அந்த பேட்டரி விஷயத்துல நான் பட்ட பாடு. ஒரு ஆலையில சர்வர், மூணு மாசத்துக்கு ஒருமுறை திடீர்னு ஒரு ராத்திரி படுத்துடும், காலையில தானா எழுந்து உட்கார்ந்துக்கும். நெட்வொர்க், ஸ்விட்ச், வயர் எல்லாம் மாத்தினோம். ஒருத்தர் எலுமிச்சம்பழம்கூட வச்சாரு. கடைசில பார்த்தா, கார்டு தன் பேட்டரியைத் தானே சோதிக்க முழுசா இறக்கி ஏத்திக்குது. அந்த நேரம் பேட்டரி மேல நம்பிக்கை இல்லாததால மெமரியைப் பயன்படுத்தாம நேரா டிஸ்க்குக்கே எழுதும். ஒவ்வொரு கமிட்டும் தட்டு சுத்தி வர்ற வரைக்கும் நிக்கும். 10,000 ஆர்பிஎம்னா ஒரு சுத்துக்கு 6 மில்லி செகண்ட். கார்டோட லாக்ல எல்லாம் தெளிவா எழுதியிருந்தது, யாரும் படிக்கலை. நானும்தான்.

பின்குறிப்பு: இம்போர்ட்டுக்கு, வரிகளை மொத்தமா ஏத்தற காப்பி கமாண்ட் பயன்படுத்தக் கூடாதா?

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 10:30

ஐயா, ஒவ்வொரு வரிக்கும் ஸ்டாக் சரிபார்க்கிற ஃபங்ஷன் ஒண்ணு ஓடணும், அதனால காப்பி நேரா ஒத்துவராது. ஆயிரம் வரிக் கமிட்டை இன்னைக்கு ராத்திரி போட்டுப் பார்க்கிறேன்.

---

மெமரி முருகேசன் | செவ்வாய், பகல் 12:11

இவ்வளவு சுத்தணுமா? எஃப்சிங்க்கையே ஆஃப் பண்ணிட்டா போச்சு. யுபிஎஸ் இருக்கில்ல?

---

இரவுக்காவல் | செவ்வாய், பகல் 12:50

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். யுபிஎஸ் காப்பாற்றுவது கரண்ட் கட்டிலிருந்து மட்டும். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) விழுந்தால்? பவர் சப்ளை எரிந்தால்? எஃப்சிங்க் அணைத்த டேட்டாபேஸ் விழுந்து எழுந்தால் கடைசி சில பில் தொலைவதோடு நிற்காது. எந்தப் பக்கம் (டேட்டாபேஸ் டேட்டாவைப் பிரித்து வைக்கும் 8 கேபி துண்டு) எந்த வரிசையில் டிஸ்க்கில் ஏறியது என்ற கணக்கே இருக்காது, மொத்த டேட்டாபேஸும் சிதையலாம்.

அவசரத்துக்கு, அட்டை வரும்வரை கமிட்டைக் காக்க வைக்கும் சிங்க்ரனஸ் கமிட் என்ற அமைப்பை அந்த இம்போர்ட் செஷனுக்கு மட்டும் அணைக்கலாம். அதில் சிதைவு இல்லை. வால் ரைட்டர் 200 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எழுதும், அதன் மூன்று மடங்குவரை, அதாவது கடைசி 0.6 செகண்டின் கமிட்கள் போகலாம். திரும்ப ஓட்டக்கூடிய இம்போர்ட்டுக்கு அது பரவாயில்லை. கவுண்டரில் பணம் வாங்கும் பில்லுக்கு வேண்டாம்.

எஃப்சிங்க் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018-ல் போஸ்ட்கிரெஸ் குழுவே அதிர்ந்த சமாச்சாரம் இது. லினக்ஸில் டிஸ்க்கில் எழுதுவது தோற்று எஃப்சிங்க் பிழை கொடுத்தால், போஸ்ட்கிரெஸ் மறுபடி எஃப்சிங்க் கேட்கும். இரண்டாம் முறை "வெற்றி" என்று வரும். உண்மையில் அந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை, கெர்னல் அதைச் சுத்தமானது என்று குறித்துக் கைகழுவியிருக்கும். பல ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாத ஓட்டை. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே விழுந்து, வாலிலிருந்து மீண்டு எழும். இப்படிப்பட்ட இடத்தில் நாமாகப் போய் ஸ்விட்சை அணைப்பதா?

---

தேனீ_தேவ் | செவ்வாய், மாலை 4:25

மைஎஸ்கியூஎல் ஆளுங்களுக்கும் இதே கதைதான். ஃப்ளஷ் லாக் அட் டிரான்சாக்ஷன் கமிட் 1 வச்சு, பின்லாக்குக்கும் (மாற்றங்களைப் பதியற இன்னொரு லாக்) சிங்க் 1 வச்சா, ஒரு கமிட்டுக்கு ஒண்ணுக்கு மேல அட்டை வாங்கணும். ஒரே நேரத்துல பல பேர் கமிட் செய்தா ரெண்டு டேட்டாபேஸும் சேர்த்துக் கட்டி ஒரே ஃப்ளஷ்ல முடிக்கும், அதனால பகல்ல கடைகள் வேலை செய்யறப்ப யாருக்கும் தெரியாது. ஒத்தை ஆளா வரிசையா கமிட் போடற இம்போர்ட்தான் மாட்டிக்கும்.

ஹார்டுவேர் மாறினா சாஃப்ட்வேர் எப்படி மாறுதுன்னு பாருங்க. இன்னோடிபில (மைஎஸ்கியூஎல்லோட சேமிப்புப் பகுதி) ஒரு பக்கம் எழுதறப்ப பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து எழுதற ஏற்பாடு இருக்கு. சுத்துற டிஸ்க்ல ஊசி அங்க வந்திருக்கிறப்பவே முடிச்சுடலாம்னு. 5.7 வரைக்கும் அது தானா ஆன்ல இருக்கும், 8.0-ல ஆஃப் ஆக்கிட்டாங்க. எஸ்எஸ்டில பக்கத்துவீடுன்னு ஒண்ணு இல்லை.

---

கணக்குப்பிள்ளை | புதன், காலை 6:50

3 நிமிஷம் 50 செகண்ட்!!! ஆயிரம் வரிக்கு ஒரு கமிட், வேற எதையும் தொடலை. இரவுக்காவல் அண்ணா, நீங்க எந்த ஊரா இருந்தாலும் சரி, ஒரு காபி கடன்.

ருசி கண்ட பூனையாயிட்டேன். அந்த 38 செகண்ட் ரிப்போர்ட்டையும் கேட்டுடறேன். 40 நிமிஷம் 38 செகண்ட் ஆனதுல இருந்து முதலாளி பகல்லயே அஞ்சு தடவை அமுக்கறார். 10 லட்சம் ஐஓபிஎஸ் டிஸ்க்னா இன்னும் வேகமா வரணுமே? மானிட்டர்ல பார்த்தா டிஸ்க் பெருசா மூச்சு வாங்கற மாதிரியும் தெரியலை, சிபியுவும் சும்மா இருக்கு.

---

தேனீ_தேவ் | புதன், காலை 9:10

ரேண்டம் பேஜ் காஸ்ட் (தாறுமாறா ஒரு பக்கம் படிக்க என்ன செலவுன்னு போஸ்ட்கிரெஸ் போடற மதிப்பு) எவ்வளவு வச்சிருக்கீங்க? மாத்தலைன்னா 4 இருக்கும், அது சுத்துற டிஸ்க் காலத்து எண். எஸ்எஸ்டிக்கு 1.1 வைங்க, பிளானர் (குவெரியை எந்த வழியில ஓட்டலாம்னு முடிவு செய்யற பகுதி) இண்டெக்ஸைத் (எந்த வரி எங்க இருக்குன்னு காட்டற பட்டியல்) தேடிப் போகும்.

---

இரவுக்காவல் | புதன், காலை 9:35

அதற்கு முன் ஐஓ டைமிங்கை ஆன் செய்து, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் பஃபர்ஸ் (குவெரி எந்த வழியில் போய் எதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் கட்டளை) போட்டு என்ன வருகிறது என்று காட்டுங்கள். பார்க்காமல் மருந்து எழுத வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை | புதன், காலை 10:20

பில் வரி டேபிள் 40 ஜிபி. கம்பெனி கோட் மேல இருக்கிற இண்டெக்ஸ் வழியாத்தான் போகுது, சாதாரண இண்டெக்ஸ் ஸ்கேன். சுமார் 3.5 லட்சம் வரி எடுக்குது. பஃபர் ரீட் (போஸ்ட்கிரெஸ் தன் மெமரில இல்லாம கேட்டு வாங்கின பக்கம்) ஏறத்தாழ 3.5 லட்சம். ஐஓ ரீட் நேரம் 34 செகண்ட்.

---

இரவுக்காவல் | புதன், மதியம் 1:30

34 செகண்டை 3.5 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு ரீடுக்கு 97 மைக்ரோ செகண்ட்.

இந்த ஒரு வகுத்தல் போதும், ரீட் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ரீடுக்குச் சில மைக்ரோ செகண்ட் என்றால் டிஸ்க்குக்கே போகவில்லை, லினக்ஸின் கேச்சிலிருந்து (மெமரியில் வைத்திருக்கும் நகல்) வந்தது. நூறை ஒட்டி என்றால் என்விஎம்இ. மில்லி செகண்ட் கணக்கில் என்றால் நெட்வொர்க் வழியே வரும் கிளவுட் டிஸ்க்காக இருக்கலாம். ஆறு, எட்டு, பத்து மில்லி என்றால் எங்கோ ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெட்டியில் இருக்கும் 10 லட்சம் எங்கே போனது? அது நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை ஒரே நேரத்தில் டிஸ்க்கின் தலையில் கொட்டி எடுத்த எண். என்விஎம்இ அதற்காகவே வடிவமைத்தது. பழைய சாட்டா முறையில் ஒரே வரிசை, அதில் 32 பேர்தான் நிற்கலாம். என்விஎம்இயில் 64 ஆயிரத்தை ஒட்டிய வரிசைகளுக்கு இடம் உண்டு. ஆனால் உங்கள் குவெரி என்ன செய்கிறது? இண்டெக்ஸில் ஒரு வரி, அதற்கான பக்கத்தைக் கேட்டுக் காத்திரு, வந்ததும் அடுத்த வரி. தாலுகா ஆபீஸில் நூறு கவுண்டர் திறந்திருந்தாலும், ஒரு கவுண்டரில் சீல் வாங்கிய பிறகுதான் அடுத்ததற்குப் போவேன் என்று ஒரே ஆள் நடந்தால் 99 கவுண்டர் ஈ ஓட்டும். டிஸ்க்கும் சும்மா, சிபியுவும் சும்மா, குவெரி மட்டும் மெதுவு. நீங்கள் பார்த்தது அதுதான். ஒரு ரீடுக்கு 100 மைக்ரோ செகண்ட் என்றால் ஒற்றை ஆளுக்குச் செகண்டுக்கு 10,000, அவ்வளவே.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் அந்த ரிப்போர்ட்டைப் போட்டாலும் ஆளுக்கு ஏறத்தாழ அதே 38 செகண்டில் வரும். பெட்டியின் எண் உதவுவது அங்கே.

தேனீ, 1.1 இங்கே ஒன்றும் செய்யாது, பிளானர் ஏற்கனவே இண்டெக்ஸில்தான் இருக்கிறது. 1.1 என்பதையே நான் வேதவாக்காக எடுப்பதில்லை. 40 ஜிபி டேபிளை வரிசையாகப் படித்தால் செகண்டுக்கு ஒரு ஜிபி வரும் என்று வையுங்கள், 8 கேபி பக்கம் ஒன்றுக்கு 8 மைக்ரோ செகண்ட். தாறுமாறாகப் படித்தால் 97. பன்னிரண்டு மடங்கு! கேச் காலியாக இருந்தால், என்விஎம்இயில்கூட உண்மை விகிதம் 1.1 அல்ல, 4ஐயும் தாண்டியது.

---

தேனீ_தேவ் | புதன், மதியம் 2:05

அப்ப எல்லாரும் 1.1 வைக்கச் சொல்றது தப்பா? எனக்கு நல்லா வேலை செய்யுதே.

---

இரவுக்காவல் | புதன், மதியம் 2:40

உங்கள் டேட்டாவில் பெரும்பகுதி மெமரியில் இருந்திருக்கும், அப்போது சரிதான். 4 என்ற எண்ணின் பின்னால் இருக்கும் கணக்கை போஸ்ட்கிரெஸ் கையேடே சொல்கிறது: தாறுமாறான ரீட் 40 மடங்கு விலை, ஆனால் அதில் 90 சதவீதம் கேச்சில் கிடைக்கும், ஆகவே 4. அதாவது அது டிஸ்க்கின் எண் மட்டும் அல்ல, உங்கள் கேச்சைப் பற்றிய ஊகமும் சேர்ந்தது. அந்த ஊகம் பொய்த்தால் எந்த டிஸ்க்கிலும் பிளானர் ஏமாறும்.

கணக்குப்பிள்ளையின் பழைய சர்வரே உதாரணம். ஆறு டிஸ்க் சேர்ந்து செகண்டுக்கு 400 எம்பி கொடுத்தால் மொத்த டேபிளையும் 100 செகண்டில் படித்திருக்கலாம். பிளானர் இண்டெக்ஸை நம்பி 3.5 லட்சம் முறை ஊசியை ஆட்டி 40 நிமிஷம் ஓட்டியது.

---

ஃபாக்ஸ்புரோ தாத்தா | புதன், மாலை 5:15

40 நிமிஷம் எங்கிருந்து வருதுன்னு கையாலயே போடலாம். 10,000 ஆர்பிஎம், ஒரு சுத்து 6 மில்லி, சராசரி பாதிச் சுத்து 3 மில்லி. ஊசி நகர 4 மில்லின்னு வை. மொத்தம் 7. அதை 3.5 லட்சத்தால பெருக்கு, 2,450 செகண்ட், 41 நிமிஷம். அச்சுப் பிசகாம வருது பாரு.

ராம் போடச் சொன்ன முருகேசன் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். அவர் சொல்றது முழுத் தப்பும் இல்லை. ஜிம் கிரே, ஃபிராங்கோ புட்சோலுன்னு ரெண்டு பேர் 1987-லயே கணக்குப் போட்டாங்க: அஞ்சு நிமிஷத்துக்குள்ள திரும்ப வேணும்ங்கிற பக்கத்தை மெமரில வச்சுக்க, மத்ததை டிஸ்க்ல விடு, அதுதான் காசுக்குக் கட்டும்னு. எதுக்கு எவ்வளவு விலைங்கிற கேள்விதான் அது. மொத்தத்தையும் மெமரில திணிக்கச் சொல்லலை.

---

மெமரி முருகேசன் | புதன், மாலை 5:40

அப்பாடா, ஒருத்தராவது நம்ம பக்கம். 😀 கமிட்டுக்கு ராம் உதவாதுன்னு ஒத்துக்கிறேன். ரீஸ்டார்ட் ஆனதும் கேச் காலியாயிடும், அதுவும் தெரியும். ஆனா ரிப்போர்ட்டுக்கு உதவும்.

---

வடமராட்சியான் | புதன், இரவு 8:30

எல்லாருக்கும் வணக்கம். குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். எங்கட பிரச்சினையும் இதோட சேர்ந்ததோ எண்டு ஒரு சந்தேகம்.

நாங்கள் கிளவுடிலதான் வச்சிருக்கிறம், 100 ஜிபி டிஸ்க். காலமை 9 மணிக்கு வேலை தொடங்கேக்க நல்லா ஓடும். 9:40 போல அப்பிடியே படுத்திடும், ஒரு திரை திறக்க அரை நிமிசம். பின்னேரம் சனம் குறைஞ்சாப் பிறகு கொஞ்சம் பரவாயில்லை. அடுத்த நாள் காலமை திரும்பவும் நல்லா ஓடும். குவெரி ஒண்டும் மாறேல்லை. டெவலப்பர் சேர்வர் பிழை எண்டுறார், சேர்வர் ஆக்கள் குவெரி பிழை எண்டினம். எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை.

---

தேனீ_தேவ் | புதன், இரவு 9:00

டிஸ்க் வகை என்னன்னு பாருங்க. சில வகைகள்ல வேகம் டிஸ்க் அளவோட கட்டியிருக்கும், மேல கொஞ்சம் கடன் கொடுப்பாங்க. அமேசானோட ஜிபி2 (gp2)ங்கிற டிஸ்க் வகைல விதி வெளிப்படையாவே எழுதியிருக்கு: ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ், தேவைன்னா 3,000 வரைக்கும் போகலாம், அதுக்கு 54 லட்சம் கிரெடிட் கையில.

உங்க 100 ஜிபியை அதுல வச்சுப் பாருங்க. நிரந்தர வேகம் 300. காலையில 3,000-ல ஓட்டினா செகண்டுக்கு 2,700 கிரெடிட் கரையும். 54 லட்சம் 2,000 செகண்ட்ல காலி, அதாவது 33 நிமிஷம். அப்புறம் 300-தான். திரும்ப நிரம்ப செகண்டுக்கு 300 வீதம் 5 மணி நேரம், ராத்திரியில நிரம்பிடும். காலையில புது மாப்பிள்ளை மாதிரி நிக்கும்.

2020 டிசம்பர்ல வந்த ஜிபி3-ல இந்தக் கடன் கணக்கே இல்லை. டிஸ்க் எவ்வளவு சின்னதா இருந்தாலும் 3,000 ஐஓபிஎஸ், செகண்டுக்கு 125 எம்பி.

---

வடமராட்சியான் | வியாழன், காலை 8:10

அப்பிடியே தான்! கிரெடிட் கிராஃபைத் திறந்து பாத்தன், 9:35க்கு பூச்சியம். ரெண்டு மாசமா ரெண்டு பகுதியும் ஆளை ஆள் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தினம். தெரிவு செய்த நேரம் விலை குறைவெண்டு சின்ன டிஸ்க்கை எடுத்தது நாங்கள்தான். இண்டைக்கு மாத்திறம். கனக்க நன்றி.

---

சும்மா_பார்ப்பவன் | வியாழன், காலை 9:25

நானும் என் பங்குக்கு. முதல்ல நம்பாததுக்கு மன்னிப்பு. 🙏

போன மாசம் 600 ஜிபி டேட்டாபேஸ் டம்ப்பை (முழு நகல்) ஒரு க்யூஎல்சி எஸ்எஸ்டில ரீஸ்டோர் போட்டேன். முதல் கால் மணி நேரம் ராக்கெட், அப்புறம் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிடுச்சு. சூடாகுதுன்னு நினைச்சு டேபிள் ஃபேன் வச்சேன். உண்மை என்னன்னா, அந்த டிஸ்க் தன் செல்லுல ஒரு பகுதியை ஒத்தை பிட் முறையில வேகமா எழுதிக்கிற தற்காலிக இடமா வச்சிருக்கு. அது நிரம்பினதும் நாலு பிட்டையும் ஒரே செல்லுல திணிக்கிற மெதுவான வழிதான். ரிவ்யூல காட்டற வேகமெல்லாம் அந்தத் தற்காலிக இடத்துக்குள்ள அடங்கற டெஸ்ட். ஃபேன் வீணாகலை, இப்ப எனக்கு வீசுது.

---

இரவுக்காவல் | வியாழன், காலை 11:00

கணக்குப்பிள்ளை, உங்கள் ரிப்போர்ட்டுக்கு இரண்டு வழி. கவுண்டர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்துவது ஒன்று, கவுண்டருக்குப் போகும் தேவையையே குறைப்பது இன்னொன்று.

முதல் வழியைச் சோதித்துப் பார்க்க: எஃபெக்டிவ் ஐஓ கன்கரன்சியை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ரீட் கேட்கலாம் என்ற எண்ணை, 64 ஆக்குங்கள் (16-ல் அது 1 தான்), அந்த செஷனில் சாதாரண இண்டெக்ஸ் ஸ்கேனை அணையுங்கள். பிளானர் பிட்மேப் ஸ்கேனுக்குப் போகும். அது வேண்டிய பக்கங்களின் பட்டியலை முதலிலேயே வைத்திருப்பதால் முன்கூட்டியே கேட்டு வைக்க முடியும். 18-ம் பதிப்பில் அசிங்க்ரனஸ் ஐஓ (ஒரு பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்பது) வந்திருக்கிறது, இந்த எண்ணும் தானாகவே 16. ஆனால் சாதாரண இண்டெக்ஸ் ஸ்கேனுக்கு அது இன்னும் கைகொடுக்கவில்லை.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ரிப்போர்ட்டுக்கு வேண்டியது கம்பெனி கோட், தேதி, எண்ணிக்கை, தொகை. கம்பெனி கோட், தேதி மேல் ஒரு இண்டெக்ஸ் போட்டு, மற்ற இரண்டையும் இன்க்ளூட் செய்யுங்கள். எல்லாம் இண்டெக்ஸிலேயே கிடைத்துவிடும், டேபிளுக்குப் போக வேண்டாம். ஒரு 8 கேபி பக்கத்தில் 200 பதிவு அடங்கினால் 3.5 லட்சம் பதிவுக்கு 1,750 பக்கம், அதுவும் ஒரு கம்பெனி முழுக்க அடுத்தடுத்து. இரவு இம்போர்ட் முடிந்ததும் ஒரு வேக்யூம் (டேபிளைத் துப்புரவாக்கி, எந்தப் பக்கங்களை இண்டெக்ஸிலிருந்தே நம்பலாம் என்று குறிக்கும் வேலை) ஓட்டுங்கள். இல்லையென்றால் புது வரிகளுக்காக டேபிளுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். இண்டெக்ஸ் கூடுவதால் இம்போர்ட் சற்று நீளும், இடமும் பல ஜிபி பிடிக்கும், அதையும் அளந்து பாருங்கள்.

---

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10:45

ரிசல்ட்.

பிட்மேப்பும் 64-ம்: 38 செகண்ட் 9 ஆச்சு. டிஸ்க் முதல் தடவையா மூச்சு வாங்கிச்சு.

புது இண்டெக்ஸ், வேக்யூமோட: 0.6 செகண்ட். முதலாளி அமுக்கினார், உடனே வந்துடுச்சு, "ஓடலை போலிருக்கே"ன்னு மறுபடி அமுக்கினார். இம்போர்ட் 3:50-லிருந்து 4:20 ஆச்சு, அது போகட்டும். கெபாசிட்டர் வச்ச சர்வர் ரக டிஸ்க் ரெண்டு ஆர்டர் போட்டாச்சு. வந்ததும் அதே டெஸ்ட்டை ஓட்டி இங்க போடறேன்.

இன்னொண்ணு. பழைய சர்வர் இன்னும் மூலையில ஓடிட்டுதான் இருக்கு. சும்மா ஒரு ஆசைல அதே இண்டெக்ஸை அதுலயும் போட்டு, கேச்சைக் காலி பண்ணிட்டு ரிப்போர்ட்டை அமுக்கினேன். 40 நிமிஷம் ஓடினது 3 செகண்ட்ல வந்தது.

இதை முதலாளிகிட்ட சொல்றதா இல்லை.